காரைத் தொடர்ந்து வந்த ஒளி: அது வெள்ளிக் கோள்தானா?

தொலைவழி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் ஒரு மாலையில் நானும் என் தம்பியும் அவனுடைய நண்பர் ஒருவரும் காரில் மேற்கு நோக்கிச் சென்றுகொண்டிருந்தோம். ஏழே முக்கால் மணியளவில், எதிரே சற்று இடப்புறமாக, மலைத்தொடருக்கு மேலே மிகப் பிரகாசமான வெண்ணிற ஒளி ஒன்று தெரிந்தது. விமானத்தின் முன்விளக்காக இருக்கும் என்று முதலில் நினைத்தோம். பத்து நிமிடம் கழிந்தும் அது நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை. சாலை வலப்புறம் வளைந்தபோது ஒளி இடப்புறம் ஒதுங்கியது. சாலை நேரானதும் மீண்டும் எதிரே வந்து நின்றது. மரங்களின் பின்னால் எங்களுக்கு இணையாக அது ஓடி வருவது போலவே இருந்தது. ஐயம் தீர வண்டியை ஓரமாக நிறுத்தினோம். அதுவும் நின்றுவிட்டது.

பிறகு அது சிறிது சிறிதாகக் கீழே இறங்கியது. வெண்மை மங்கி மஞ்சளாகி, கடைசிச் சில நிமிடங்களில் சிவப்பும் பச்சையும் மாறி மாறித் தெறித்தன. எட்டு இருபத்தைந்து மணிக்கு, ஊதி அணைத்த விளக்கைப் போல, ஒரு நொடியில் மறைந்தது. சத்தம் எதுவும் இல்லை. வானம் தெளிவாக இருந்தது, நிலா இல்லை. தம்பி கைப்பேசியில் எடுத்த காணொளியைப் பெரிதாக்கிப் பார்த்தால், ஒளி ஒரு வட்டத் தட்டாகத் தெரிகிறது; அதன் உள்ளே வளையங்கள் இருக்கின்றன; ஒரு பக்கம் கடித்து எடுத்தது போன்ற வெட்டும் இருக்கிறது.

இது வெள்ளிக் கோள்தான் என்று நண்பர் அங்கேயே சொல்லிவிட்டார். ஆனால் கோள் ஒன்று வண்டியைத் துரத்துமா, நிறம் மாறுமா, திடீரென அணையுமா என்று நான் கேட்டபோது அவரிடம் பதில் இல்லை. வேற்றுக்கோள் ஊர்தி என்று நான் வாதாடவில்லை. 'வெள்ளி' என்ற ஒற்றைச் சொல்லோடு விடையை முடித்துவிடாமல், நாங்கள் கண்ட ஒவ்வொன்றுக்கும் யாரேனும் காரணம் சொல்ல முடியுமா என்பதே என் கேள்வி.

வான்நோக்கி:

உங்கள் நண்பர் சொன்னது பெரும்பாலும் சரி என்றே எண்ணுகிறேன். ஆனால் காரணம் கேட்டதில் நீங்கள்தான் சரி.

முதலில் துரத்தலை எடுத்துக்கொள்வோம். வெள்ளிக் கோள் பூமிக்கு மிக அருகே வரும்போதுகூட ஏறத்தாழ 4 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அந்த முக்கால் மணி நேரத்தில் நீங்கள் 40 கிலோமீட்டர் சென்றிருந்தால், அந்தப் பயணத்தால் கோளின் திசையில் ஏற்படக்கூடிய மாற்றம் ஒரு பாகையை 3,600 கூறுகளாக்கினால் வரும் ஒரு கூற்றில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே. மனிதக் கண்ணால் பிரித்தறிய முடிவது அத்தகைய அறுபது கூறுகளையே, அதாவது இதைப்போல் முந்நூறு மடங்கு பெரிய கோணத்தையே. ஆகவே சாலையோர மரங்கள் பின்னே ஓடுகின்றன, தொலைவிலுள்ள மலைகளும் மெல்ல நகர்கின்றன, ஒளி மட்டும் சற்றும் பின்தங்காமல் நிற்கிறது. நம்மோடு சேர்ந்து நகரும் பொருள்தான் நம்மைவிட்டு விலகாமல் இருக்கும் என்பது அன்றாட அனுபவம். மனம் அந்த அனுபவத்தையே இங்கும் பொருத்துகிறது. குழந்தைகள் நிலா தங்களோடு கூடவே வருகிறது என்று சொல்வதும் இதனால்தான். வண்டி நின்றால் மரங்கள் நிற்கின்றன, அதனால் ஒளியும் நின்றதாகத் தோன்றுகிறது. சாலை வளைந்தபோது திரும்பியது வண்டியின் மூக்கு; ஒளி தன் திசையிலேயே இருந்தது.

கீழே இறங்கியது பூமியின் சுழற்சி. வானம் ஒரு மணி நேரத்தில் 15 பாகை திரும்புகிறது. நாற்பது நிமிடத்தில் 10 பாகை. கையை நீட்டி விரல்களை மடக்கி முட்டி பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை இருக்கும். நீங்கள் முதலில் பார்த்தபோது அந்த ஒளி மலை முகட்டுக்கு மேல் ஒரு முட்டி அளவு உயரத்திலோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ இருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

நிறத்தைப் பற்றி. விண்மீன் மின்னும், கோள் மின்னாது என்று பள்ளியில் படித்திருப்போம். உச்சியில் இருக்கும் கோளுக்கு அது பெரும்பாலும் பொருந்தும், அடிவானத்தில் பொருந்தாது. உச்சியிலிருந்து வரும் ஒளி கடக்கும் காற்றைப்போல் ஏறத்தாழ 38 மடங்கு காற்றை அடிவானத்திலிருந்து வரும் ஒளி கடக்க வேண்டியிருக்கிறது. அந்த வழியில் நீலம் சிதறிப்போவதால் வெண்மை மஞ்சளாகிறது. அதோடு காற்று ஒரு முப்பட்டகம் போல ஒளியைப் பிரித்து, பச்சையை மேல் விளிம்பிலும் சிவப்பைக் கீழ் விளிம்பிலும் நிறுத்துகிறது. வெப்பநிலை வேறுபட்ட காற்றுத் திரள்கள் குறுக்கே கலைந்து செல்லும்போது ஒரு கணம் பச்சையும் மறுகணம் சிவப்பும் நம் கண்ணை எட்டுகின்றன. அடிவானத்துச் சிரியஸ் விண்மீன் இதில் வெள்ளியையும் மிஞ்சிவிடும்; முதன்முறை அதைத் தாழ்வாகப் பார்த்தபோது, பல ஆண்டுகளாகத் தொலைநோக்கி வைத்திருக்கும் நானே, எச்சரிக்கை விளக்கு எரியும் ஹெலிகாப்டர் என்று அரை நிமிடம் நம்பினேன்.

இனி அணைந்தது. சூரியனும் நிலாவும் அரைப் பாகை அகலமுடையவை. அவை முழுவதும் மறைய இரண்டு நிமிடமாவது வேண்டும். வெள்ளியின் தோற்ற அகலம் மிக அதிகமாக இருக்கும்போதே ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குதான். மலை முகடு அதை மறைக்க ஏறத்தாழ நான்கு விநாடி போதும். இருட்டில் முகடு கண்ணுக்குத் தெரியாததால், எதன் பின்னால் மறைந்தது என்பது உங்களுக்குத் தெரியவில்லை. வெறும் வானத்தில் அணைந்தது போலத் தோன்றியது.

சோதித்துப் பார்ப்பது எளிது. அதே இடத்தில், அதே நேரத்தில் மீண்டும் நின்று பாருங்கள். விண்மீனாக இருந்தால் நாளொன்றுக்கு நான்கு நிமிடம் முன்னதாக மறையும். வெள்ளியாக இருந்தால் ஒரு வாரத்தில் அதன் மறைவு நேரம் பெரிதாக மாறியிருக்காது. எதுவுமே தெரியாவிட்டால், நான் எழுதிய அனைத்தையும் தள்ளிவிடுங்கள்.

நிழற்கண்ணாடி:

காணொளியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இருளில் தனித்து நிற்கும் ஒளிப்புள்ளியில் குவியம் கொள்ள முடியாமல் கைப்பேசிக் கேமராக்கள் தடுமாறுவது வழக்கம். குவியம் தவறினால் புள்ளி தட்டாக விரியும். அந்தத் தட்டின் வடிவம் பொருளின் வடிவம் அன்று. லென்சில் ஒளி புகும் துளையின் வடிவம். உள்ளே தெரியும் வளையங்களும் ஓரத்து வெட்டும் லென்சிலிருந்தும் அதன் மேல் படிந்த தூசியிலிருந்தும் வரக்கூடியவை. அதே கைப்பேசியில், அதே அளவு பெரிதாக்கி, தொலைவிலுள்ள ஒரு தெருவிளக்கைக் குவியம் கலைத்துப் படம்பிடியுங்கள். அதே தட்டு, அதே பக்கத்தில் அதே வெட்டு வந்தால், அந்த வெட்டு வானத்தில் இல்லை. கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்தும் ஒரு முறை எடுங்கள்; தரையோடு ஒப்பிட்டால் வெட்டு மறுபக்கம் போய்விடும்.

முகில்வழி:

இரவில்தான் இப்படிக் குழம்புவோம் என்பதில்லை. பகலில், சன்னலோர இருக்கையில் அமர்ந்து விமானத்தில் செல்லும்போது, கீழே மேகத் திரையின் மேல் முட்டை வடிவத்தில் ஓர் ஒளி, விமானத்தின் வேகத்துக்குச் சற்றும் குறையாமல் கூடவே வந்ததைப் பார்த்திருக்கிறேன். மேகம் முடிந்த இடத்தில் அது சட்டென மறைந்தது. அறுகோணத் தகடுகளாக உறைந்த பனிப் படிகங்கள் கிடைமட்டமாக மிதக்கும்போது, அவை எண்ணற்ற சிறு கண்ணாடிகளாகச் சூரியனைப் பிரதிபலிக்கின்றன. சூரியன் அடிவானத்துக்கு எவ்வளவு மேலே இருக்கிறதோ, அவ்வளவு கீழே அந்தப் பிம்பம் தெரியும். அதே வகைப் படிகங்கள் ஒளியை விலக்கும்போது, சூரியனின் இருபுறமும் 22 பாகை தள்ளிப் போலிச் சூரியன்கள் தோன்றுகின்றன. 1535 ஏப்ரலில் ஸ்டாக்ஹோமின் வானில் இவை தோன்றிய காட்சியைக் காட்டும் ஓவியம் இன்றும் அந்நகரத்துத் தேவாலயம் ஒன்றில் இருக்கிறது.

மலைகளுக்கருகே உருவாகும் வில்லை வடிவ மேகங்கள் இன்னும் வியப்பானவை. மலையைத் தாண்டும் காற்று அலையலையாக ஏறி இறங்குகிறது. அலை முகட்டில் காற்று குளிர்ந்து நீராவி மேகமாகிறது, சரிவில் சூடேறி மீண்டும் கரைகிறது. ஆகவே காற்று ஊடே பாய்ந்துகொண்டே இருக்க, மேகம் மட்டும் இடம்பெயராமல் நிற்கும். தட்டுகளை அடுக்கி வைத்தது போன்ற வடிவத்தைவிட, மற்ற மேகங்கள் விரைந்தோட இது ஒன்று மட்டும் அசையாமல் நிற்பதுதான் பார்ப்பவரைக் கலங்கச் செய்கிறது. உங்கள் ஒளிக்கு நேர்ந்ததும் இதற்கு நேர்மாறான அதே குழப்பம்தான்: அது நின்றது, நீங்கள் நகர்ந்தீர்கள்.

'பறக்கும் தட்டு' என்ற சொல் பிறந்த கதையிலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. 1947 ஜூன் 24 அன்று அமெரிக்காவின் ரெய்னியர் மலை அருகே தனி விமானத்தில் சென்ற கென்னத் ஆர்னால்டு, ஒன்பது பொருள்கள் வரிசையாகப் பறந்ததாகச் சொன்னார். நீரின் மேல் எறிந்த தட்டு தத்திச் செல்வதைப் போல அவை சென்றன என்று அவர் வருணித்தது இயக்கத்தை. செய்தித்தாள்கள் அதை வடிவமாக்கிவிட்டன. அதன் பிறகு மக்கள் தட்டு வடிவங்களைக் கண்டதாக வந்து சொன்னார்கள். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ரெய்னியர் மலைக்கும் ஆடம்ஸ் மலைக்கும் இடையே அவை 102 விநாடியில் கடந்ததாகக் கணித்து, மணிக்கு 2,700 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தை அவர் பெற்றார். பொருள்கள் அந்த மலைகளை ஒட்டிச் சென்றன என்று கொண்டால்தான் அந்த எண் நிற்கும். பாதித் தொலைவில் இருந்திருந்தால் வேகமும் பாதிதான். கடிகாரம் சரி, கோணமும் சரியாகவே இருக்கலாம். தொலைவில்தான் எல்லாம் தொங்குகிறது.

மறுகரை:

எல்லாரும் ஒரே குரலில் பேசுவதால் சற்று மாறுபடுகிறேன். விளக்கம் தயாராக இருப்பதாலேயே அது சரியாகிவிடாது. 1966இல் மிச்சிகன் மாநிலத்தில் பலர் ஒளிகளைக் கண்டபோது, அமெரிக்க விமானப்படையின் அறிவியல் ஆலோசகராக இருந்த வானியலர் ஆலன் ஹைனெக், சிலவற்றுக்குச் சதுப்பு வாயு காரணமாகலாம் என்றார். நம் மொழியில் கொள்ளிவாய்ப் பிசாசு என்று சொல்வோமே, அதுதான். நாடே சிரித்தது. அதே ஹைனெக் பின்னாளில் விமானப்படையின் விசாரணை முறையையே கடுமையாகக் குறைகூறி, 1973இல் இத்தகைய காட்சிகளை ஆராயத் தனி மையம் ஒன்றைத் தொடங்கினார்.

வெள்ளியும் எல்லாப் பூட்டுக்கும் சாவியன்று. பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஜிம்மி கார்ட்டர், 1969இல் ஜார்ஜியாவில் கண்ட ஒளியைப் பற்றி 1973இல் எழுத்தில் அறிக்கை தந்தார். அது வெள்ளிதான் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. பிறகு, மேல் வளிமண்டல ஆய்வுக்காக ராக்கெட்டில் வெளியிட்ட பேரியம் மேகமாக இருக்கலாம் என்று வேறொரு விளக்கம் வந்தது. பந்து மின்னலையும், அதாவது இடிமழையின்போது உருண்டையாக மிதந்து வருவதாகச் சொல்லப்படும் ஒளியையும், நினைத்துப் பாருங்கள். பல நூற்றாண்டுகளாக மக்கள் கண்டதாகச் சொன்னதைக் கண்மயக்கு என்று ஒதுக்கியவர்கள் உண்டு. 2012இல் சீனாவின் சிங்ஹாய் பகுதியில், இடிமின்னலை ஆராயக் கருவிகளை வைத்திருந்த ஆய்வாளர்கள் தற்செயலாக ஒன்றைப் பதிவுசெய்தார்கள். அதன் நிறமாலையில் மண்ணிலுள்ள சிலிக்கான், இரும்பு, கால்சியம் ஆகியவற்றின் தடங்கள் இருந்தன என்று 2014இல் வெளியிட்டார்கள். நார்வேயின் ஹெஸ்டாலன் பள்ளத்தாக்கில் 1980களின் தொடக்கத்திலிருந்து பேசப்படும் ஒளிகளுக்காக 1998இல் தானியங்கி அளவீட்டு நிலையமே வைத்திருக்கிறார்கள்; அனைவரும் ஏற்கும் விளக்கம் இன்னும் இல்லை. இவையும் இயற்கையாகவே இருக்கலாம். நான் கேட்பதெல்லாம், பார்த்தவர் சொல்வதை முழுவதும் கேட்டுவிட்டு விடை சொல்லுங்கள் என்பதுதான். விமானப்படை 1947 முதல் 1969 வரை திரட்டிய 12,618 அறிக்கைகளில் 701 விடை காணாமலே முடிந்தன.

வான்நோக்கி:

மறுகரை சொல்வதில் பாதிக்கு மேல் எனக்கு உடன்பாடே. சதுப்பு வாயு விவகாரத்தில் ஹைனெக் அவசரப்பட்டார் என்பதை அவரே பின்னர் உணர்ந்தார். ஆனால் 701 என்ற எண்ணை நான் வேறு விதமாகப் படிக்கிறேன். நேரம், திசை, உயரம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று பதிவாகாமல் போனாலே ஓர் அறிக்கை விடை காணாத கட்டுக்குள் போய்விடக்கூடும். அந்தக் கட்டில் இருப்பது விந்தையா, வெறும் விவரக் குறையா என்பதை எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தொலைவழியின் கேள்வி அதற்கு எதிரானது. நேரம், திசை, நிறம், முடிவு எல்லாமே அதில் இருக்கின்றன. அதனால்தான் துணிந்து விடை சொன்னேன்.

பார்த்தவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 1968 மார்ச் 3 இரவு, சோவியத் ஒன்றியம் ஏவிய சோண்ட்-4 விண்கலத்தோடு தொடர்புடைய ராக்கெட் பாகங்கள் அமெரிக்காவின் சில மாநிலங்களுக்கு மேலே எரிந்துகொண்டே சென்றன. இயற்கை நிகழ்வன்று என்றாலும், பெரிய எரிகல் ஒன்று பல துண்டுகளாகச் சிதறிச் செல்வதும் இப்படித்தான் இருக்கும். பார்த்தவர்களில் பலர் வரிசையான ஒளிப்புள்ளிகளைச் சரியாகவே வருணித்தார்கள். சிலரோ, சுருட்டு வடிவ ஊர்தி ஒன்றையும் அதன் பக்கத்தில் ஒளிரும் சன்னல்களையும் கண்டார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஒன்றாக நகரும் புள்ளிகளை இணைத்து, நடுவிலுள்ள இருட்டை ஊர்தியின் உடலாக மனம் நிரப்பிவிட்டது. இதற்கு மாறாக, 1913 பிப்ரவரி 9 அன்று கனடாவிலிருந்து பிரேசில் கடற்கரைக்கு அப்பால்வரை எரிகற்கள் வரிசை வரிசையாக, ஏறக்குறையக் கிடைமட்டமாகச் சென்றபோது, பார்த்தவர்களின் குறிப்புகளைத் திரட்டியே கனடிய வானியலர் கிளாரன்ஸ் சாண்ட் அவற்றின் பாதையை வரைந்தார். அப்போது பயன்பட்டவை எந்தத் திசை, எந்த நேரம் என்ற செய்திகள்தான். எவ்வளவு அருகில் என்ற மதிப்பீடுகள் அல்ல.

இன்னொரு செய்தியும் உங்களுக்குப் பயன்படலாம். இருளில் தனித்த ஒளிப்புள்ளியை உற்றுப் பார்த்தால், அது அசையாதிருந்தும் அசைவதாகத் தோன்றும். 1799இல் டெனெரீஃப் தீவின் மலையிலிருந்து விண்மீன்கள் ஊசலாடுவதைக் கண்டதாக ஹம்போல்ட் போன்ற தேர்ந்த அறிஞரே எழுதினார். ஆடியது விண்மீன் அன்று, கண். உளவியலர் முசாபர் ஷெரிஃப் 1935இல் வெளியிட்ட ஆய்வில், இருட்டறையில் அசையாத புள்ளியைக் காட்டி அது எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று கேட்டார். தனித்தனியே கேட்டபோது ஆளுக்கொரு அளவு சொன்னார்கள். குழுவாக அமர்த்திக் கேட்டபோது விடைகள் ஒன்றையொன்று நெருங்கிவிட்டன. ஆகவே நீங்கள் மூவரும் இதுவரை கலந்து பேசவில்லை என்றால், தனித்தனியே எழுதிவைத்து ஒப்பிடுங்கள்.

தொலைவழி:

தாமதத்துக்கு மன்னிக்கவும், இரண்டு மாலைகள் மேகமூட்டமாக இருந்தன. நேற்றுதான் மீண்டும் அங்கே போக முடிந்தது. ஏழே முக்காலுக்கு அதே ஒளி, முகட்டுக்கு மேல் ஏறக்குறைய ஒரு முட்டி உயரத்தில் இருந்தது. இம்முறை வண்டியை ஓட்டாமல் ஒரு மரத்தடியில் நின்று, கிளையின் நுனியை அடையாளமாக வைத்துப் பார்த்தேன். அது துரத்தவில்லை, மிக நிதானமாக இறங்கியது. கடைசியில் சிவப்பும் பச்சையும் முன்பு போலவே தெறித்தன. எட்டு இருபத்தேழுக்கு மறைந்தது. மங்கத் தொடங்கியதிலிருந்து முற்றும் மறையும்வரை எண்ணிப் பார்த்தேன். ஐந்து எண்ணுவதற்குள் போய்விட்டது. அங்கே முகடு இருப்பது மறுநாள் காலை வெளிச்சத்தில் தெரிந்தது.

தெருவிளக்கையும் படம்பிடித்தோம். அதே தட்டு, அதே வளையங்கள், அதே பக்கத்தில் அதே வெட்டு. தம்பி கைப்பேசியைத் துடைத்துவிட்டு மீண்டும் எடுத்தான், வெட்டு சிறியதாகிவிட்டது.

எழுதிவைத்து ஒப்பிடும் யோசனைதான் காலம் கடந்து வந்தது. அன்று வழி நெடுக அதையே பேசிக்கொண்டு வந்தோம். ஆயினும் இருவரிடமும் தனித்தனியே எழுதி வாங்கினேன். நண்பர் தொடக்கம் முதலே அது அசையவில்லை என்று எழுதியிருக்கிறார். தம்பியோ, நாங்கள் வண்டியை நிறுத்தியதும் அந்த ஒளி எங்களை நோக்கிச் சிறிது தூரம் வந்து, பிறகு திரும்பிப் போனதாக எழுதியிருக்கிறான். நேற்று அவனையும் உடன் அழைத்துச் சென்றேன். அரை மணி நேரம் பார்த்துவிட்டு, இது வெள்ளிதான் என்று ஒப்புக்கொண்டான். அன்று வந்தது வேறு என்றான்.